காத்திருக்கிறான்

என் தொழில் சாமியார்களின் இருமலை வெட்டி எறிவது. சாமியார்கள் என்று பொதுவாகச் சொல்கிறேன். பாதிரியார், பிக்கு, ஹஜ்ரத், ஆசிரமத்துக்காரர் எல்லோரும் அதில் அடக்கம். எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மரச்சாமான் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே இழைப்பு இயந்திரம் ஓடாத நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராக வந்து மைக் முன்னால் உட்கார்ந்து ஆன்மாவைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். இருமல், செருமல், 'வந்து', 'அதாவது', தண்ணீர் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் நீக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. காலையில் நீங்கள் பல் தேய்த்துக்கொண்டே கேட்கிற தடங்கலில்லாத ஞானத்தில் பாதி என் கத்தரி வேலை.

ஒரே நாற்காலி, ஒரே மைக். ஆன்மா அழியாது, வீடு மாறுகிற மாதிரி உடம்பு மாறும் என்று ஒருவர் சொல்லிவிட்டு எழுந்தால், நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து ஒரே பிறவிதான், ஒரே தீர்ப்புதான் என்பார். அடுத்தவர் வந்து ஆன்மா என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது என்பார். ஒருவரையொருவர் வாசலில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வார்கள். எனக்கு இதெல்லாம் சரக்கு. வெட்டி, துடைத்து, கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

வீட்டில் அக்கா இருக்கிறாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். சர்க்கரை வியாதி முதலில் அவள் கண்ணைப் பிடித்தது, பிறகு இரண்டு சிறுநீரகத்தையும் தின்றது. ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். இயந்திரம் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும்வரை, காதில் பேச்சை மாட்டிக்கொண்டு அந்தச் சாய்வு நாற்காலியில் கிடப்பாள். நான் வெட்டிச் சுத்தம் செய்த பேச்சு ஒரு பக்கம், இயந்திரம் சுத்தம் செய்த இரத்தம் ஒரு பக்கம். "ரெண்டும் நம்ம வீட்டுத் தொழில்டி" என்று சிரிப்பாள், சிரிக்கிற நாட்களில்.

அவளுக்கு ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. இது நடந்து பல வருடங்களாகின்றன, ஆனால் எங்கள் வீட்டில் அது போன வாரம் நடந்ததாகவே இருக்கிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே கேள்விதான். அவன் எங்கே இருக்கிறான்?

அந்தக் கேள்வியோடு எப்படியோ காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் டயாலிசிஸ் நடுவில் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, மூச்சுப் பேச்சில்லாமல் போய்விட்டாள். காலைத் தூக்கிப் பிடித்து, மருந்து ஏற்றி, ஒருவழியாக மீட்டுக் கொண்டுவந்தார்கள். கண் திறந்ததும் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"போய்ட்டு வந்தேன்டி. ஒரே இருட்டு. அவன் அங்க இல்ல. யாருமே இல்ல."

அதற்குப் பிறகு அக்கா கண்ணை மூடவே பயந்தாள். படுத்தால் எழுந்துவிடுவாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். நான் பக்கத்தில் இருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடியில் என் கையில் நகம் பதிந்துவிடும். "நான் போற இடத்துல அவன் இருப்பானா, மாட்டானா? உன்கிட்ட அத்தனை பெரியவங்க வராங்களே, கேளேன்டி. கேட்டுச் சொல்லேன்." குழந்தை மிட்டாய் கேட்பது போலக் கேட்பாள். பார்க்கச் சகிக்காது.

கேட்டேன். வெட்கத்தை விட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

ஆசிரமத்துக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் கணீர். மைக்கே தேவையில்லாத குரல். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "இன்னொரு உடம்பு எடுத்திருப்பாம்மா. தானா முடிச்சுக்கிட்டவங்களுக்குக் கொஞ்ச காலம் அலைச்சல் உண்டு. அப்புறம் பிறப்பு" என்றார்.

"பிறந்தா அம்மாவை ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது. இல்லாம இருக்கிறதுதான் நல்லது."

யாருக்கு நல்லது என்று கேட்க வாய் வரை வந்தது.

ஹஜ்ரத் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பாவம்தாம்மா. இல்லைன்னு நான் சொல்ல முடியாது. ஆனா இறைவனோட கருணைக்கு வேலி போட நான் யாரு? உங்க அக்காவை அந்தப் பிள்ளைக்காகக் கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க" என்றார். உறுதியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "உறுதி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று கையை மேலே காட்டினார்.

பிக்கு மெதுவாகப் பேசுவார். அவர் பேச்சில் வெட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. "இங்கிருந்து அங்க போறதுக்குன்னு உள்ள தனியா ஒருத்தர் இல்லம்மா. என் பிள்ளைன்னு பிடிச்சிருக்கிற பிடியைத்தான் அவங்க தளர்த்தணும்" என்றார். என் மணிக்கட்டில் இருந்த நகத்தழும்பை அவருக்குக் காட்டலாமா என்று தோன்றியது. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

கடைசியாகப் பாதிரியார். அக்கா அவருக்குத் தேன் ஐயா என்று பெயர் வைத்திருந்தாள். அவர் பேசினால் அவளுக்கு மருந்து இறங்குவது போல இருக்குமாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கடவுள்கிட்ட இருப்பான்னு நான் நம்புறேம்மா."

"நம்புறேன்னு சொன்னா அக்காவுக்குப் போதாது ஐயா. இருக்கான்னு சொல்லுங்க."

"அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

நால்வரும் நல்லவர்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் கெட்டவராக இருந்து ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் அள்ளி வழங்குகிறவர்கள் என் அக்காவுக்கு ஒரு கைப்பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார்களே! வீட்டுக்குப் போனால் அவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "என்னடி சொன்னாங்க?" என்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்கே நேரம் கடத்துவேன்.

அவர்கள் சொல்லாவிட்டால் என்ன, சொல்ல வைப்பதுதானே என் தொழில்?

தேன் ஐயாவின் குரல் பல வருடப் பதிவுகளாக என்னிடம் இருந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உட்கார்ந்தேன். சொற்களைத் தேடுவது பெரிதல்ல. ஒரே மனநிலையில், மைக்குக்கு ஒரே தூரத்தில், ஒரே அளவு ஜலதோஷத்தில் சொன்ன சொற்களாகப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கிற அறையின் மெல்லிய இரைச்சல்கூட மாறக் கூடாது. வாக்கியம் சேர்ந்தது. 'தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிள்ளை தண்டிக்கப்படவில்லை.' கேட்டுப் பார்த்தேன். எங்கே ஒட்டு என்று எனக்கே தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேச்சை 'இல்லை' என்று முடிய விடக் கூடாது. 'இல்லை'யில் முடிந்தால் கேட்கிறவர் மனம் கீழே இறங்கிவிடும். இதமான ஒரு சொல்லில் முடித்தால்தான் மறுநாளும் கேட்பார். வருடக்கணக்காகக் கை செய்த வேலை அது, தானாகவே செய்தது. இன்னும் கொஞ்சம் தேடி ஒரு வாக்கியம் ஒட்டினேன். 'அவன் அம்மாவுக்காகக் காத்திருக்கிறான்.'

"இது இன்னைக்குத்தான் பதிவு பண்ணாரு, இன்னும் வெளிய வரல" என்று சொல்லி அக்காவின் காதில் மாட்டினேன். கேட்டாள். திரும்பக் கேட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, பட்டப்பகலில் கட்டிலில் நீட்டிப் படுத்து அப்படித் தூங்கினாள். வாய் திறந்திருந்தது, குறட்டை வந்தது. நான் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் செய்த நல்ல வேலை இதுதான் என்று நினைத்தேன். எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

மறுநாள் டயாலிசிஸ். வண்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் அக்கா தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, கட்டிலில் கால் தொங்கப் போட்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் போனவளுக்கு ஆரஞ்சு விஷம். பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், அதுவும் பாதி காலி. இத்தனை காலம் நாக்கை நனைக்கவே அளந்து குடித்தவள்.

"வண்டியை அனுப்பிடுடி. நான் வரல."

"என்னக்கா விளையாட்டு? எழுந்திரு."

"விளையாட்டு இல்ல. அவன் அங்க நின்னுக்கிட்டிருக்கான், நான் இங்க ஊசி குத்திக்கிட்டு உக்காந்திருக்கவா?" ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடி ருசித்தாள். "அவனுக்குக் காத்திருக்கத் தெரியாதுடி. ஸ்கூல் விட்டு நான் கொஞ்சம் லேட்டாப் போனாக்கூட கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுவான். உனக்குத்தான் தெரியுமே. இவ்வளவு வருஷமா ஒத்தையா நிக்கிறான், பாவம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை என்பார்கள். இது குரங்கல்ல, எமன்.

கெஞ்சினேன். டாக்டரைப் போனில் பேச வைத்தேன். அக்கா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப நன்றி டாக்டர், நீங்க எனக்கு நிறைய செஞ்சிருக்கீங்க" என்று விடைபெறுகிற மாதிரி பேசிப் போனை வைத்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ போய்ட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

அவள் என் தலையைத் தடவினாள். "உனக்கு நாப்பது வயசு ஆகுதுடி. அவனுக்குப் பத்தொன்பதுதானே."

அந்த நாட்களில் அக்கா சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். அலமாரியை ஒழுங்கு செய்தாள். அவனுடைய பழைய சட்டைகளை வெளியே எடுத்து மடித்து வைத்தாள். பாட்டு முணுமுணுத்தாள். அடுத்த தடவையும் வண்டி வந்து வெறுமனே திரும்பிப் போனது. அதற்குள் கால் இரண்டும் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்கியது, அதனால் மறுபடியும் உட்கார்ந்தே இருந்தாள். முன்பு பயத்தில் உட்கார்ந்தவள் இப்போது ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கும் வரலைன்னா அப்புறம் எங்க கையில இல்ல" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

தேன் ஐயாவைத் தேடி ஓடினேன். அவர் தன் சிறிய அலுவலக அறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் வெளுத்தது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

"என் வாயாலயா?"

"ஆமாங்க ஐயா. என்னைத் திட்டுங்க, போலீஸ்ல வேணும்னாலும் கொடுங்க. முதல்ல ஒரு வார்த்தை பேசிக் கொடுங்க. உயிரைக் காப்பாத்திக்கிறதும் கடமைதான், அவன் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பான்னு சொன்னா போதும். நீங்க சொன்னா கேப்பா."

"முதல் பாதி எப்ப வேணும்னாலும் சொல்றேன். அது உண்மை. ரெண்டாவது பாதி எனக்குத் தெரியாது."

"தெரியாததைத்தானே தினமும் காலையில பேசுறீங்க!" கத்திவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வருத்தமில்லை.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "பேசுறேம்மா. நம்புறேன்னு சொல்லித்தான் பேசுறேன். நம்புறேங்கற வார்த்தை அடிக்கடி வருது, கேக்க நல்லா இல்லைன்னு நீதானே எடுத்துடுவே?"

எடுப்பேன். எல்லோருடைய 'நம்புகிறேன்'களையும் இருமலோடு சேர்த்து எடுத்து எறிவேன்.

அவர் முதல் பாதியை என் போனிலேயே பேசிப் பதிவு செய்து கொடுத்தார். உடம்பு கடவுள் கொடுத்தது, அதைக் காப்பது கடமை என்று கனிவாகச் சொன்னார். வீட்டுக்கு ஓடி அக்காவின் காதில் வைத்தேன். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். "நல்லா சொல்றாரு. ஆனா அவரு பெத்தவரு இல்லையே. அவன் நிக்கிறான்னு அவரேதானே சொன்னாரு" என்று சிரித்தாள். உதடு கறுத்திருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மடிக்கணினியை எடுத்து வந்து கட்டிலில் வைத்தேன்.

"அக்கா, அது நான் செஞ்சது. அவரு சொல்லல. நான் வெட்டி ஒட்டினது."

"பொய் சொல்லாதடி. என்னைப் போக விடாம இருக்கப் பொய் சொல்றே."

"கேளு."

ஒட்டிய வாக்கியத்தைத் திறந்தேன். ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, அது எந்தப் பேச்சிலிருந்து வந்ததோ அந்தப் பேச்சையே போட்டேன். 'தன் உயிரை' என்பது நெருப்பில் நுழைந்து குழந்தையைக் காப்பாற்றிய ஒருவரைப் பற்றிய பேச்சு. 'முடித்துக்கொண்ட' என்பது வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்ட ஒரு சோம்பேறியைப் பற்றியது. 'தண்டிக்கப்படவில்லை' என்பது திருட்டுப் பழி சுமந்த ஒரு வேலைக்காரன் கதை. அக்காவின் முகத்தில் அப்போதும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னை ஜெயித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"அந்தக் கடைசி வார்த்தையைப் போடு" என்றாள்.

போட்டேன். பொறுமையைப் பற்றிய பேச்சு அது, கூட்டத்தைச் சிரிக்க வைக்க அவர் சொன்ன ஒரு வேடிக்கைக் கதை. ஒரு மொட்டைத்தலைக்காரன். முடிவெட்டும் கடையில் தன் முறை வரும் என்று காலையிலிருந்து காத்திருக்கிறான், காத்திருக்கிறான், காத்திருக்கிறான். மூன்றாவது தடவை அவர் சொல்லும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்த மூன்றாவதைத்தான் நான் எடுத்திருந்தேன். சிரிப்பு தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டியிருந்தேன்.

கட்டில்மேல் அந்தச் சிரிப்பு ஓடி முடிந்தது. நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றாள் அக்கா.

போட்டேன். கூட்டம் மறுபடியும் சிரித்தது. அக்கா அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண் சரியாகத் தெரியாதவள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக என் கண் முன்னால் வயதாகியது. அவள் பிள்ளை இறந்த செய்தியை அன்று அவளிடம் சொன்னது நான் அல்ல, வேறு யாரோ. அந்த வேலை எனக்காக மிச்சமிருந்திருக்கிறது.

"அப்போ அவன் எங்கடி?"

"தெரியலக்கா."

"யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதுக்கா. நம்புறாங்க. அவ்வளவுதான்."

அவளுக்கு மூச்சு இழுத்தது. கட்டில் சட்டத்தைத் தேடிக் கை அலைந்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பழைய பிடி.

"என்னைக் கூட்டிட்டுப் போடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அவன் இல்லாத எடத்துக்கு நான் ஏன் போகணும்? பயமா இருக்குடி. சீக்கிரம்."

அவசரப் பிரிவில் அலறி அடித்து ஆட்களைக் கூட்டினேன். டெக்னீசியன் அவள் கையில் ஊசியைக் குத்திக் குழாயை மாட்டினார். கறுத்த இரத்தம் வெளியே வந்து இயந்திரத்துக்குள் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. "நல்லவேளை, கூட்டிட்டு வந்துட்டீங்க. இனி பயமில்ல" என்றார் டாக்டர். என்னைப் பாராட்டினார். நான் ஜெயித்துவிட்டேன். என் அக்கா உயிரோடு இருக்கிறாள். அதற்காக அவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன், அவளுடைய தூக்கத்தைப் பிடுங்கினேன். திரும்ப அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் பிடுங்குவேன். அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலேயே பேசினாள்.

"நான் போறப்ப நீ கூட இருப்பியா?"

"இருப்பேன்க்கா. எங்கயும் போக மாட்டேன்."

"இது நீயா சொல்றதா, இல்ல இதையும் எங்கயாவது இருந்து வெட்டி ஒட்டினியா?"

"நானா சொல்றதுதான்க்கா."

என் குரல் உடைந்துதான் வந்தது, நடுவில் இருமல்கூட வந்தது. அவள் திரும்பி என் வாயையே பார்த்தாள், ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி.